என் மகளின் சம்பளத்துக்கு மறுப்பு வெளியிடவும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தார் முகவரி வரை ஒரு வரி விடாமல் வாசிக்கும் பழைய வாசகன், ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர், பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், உதவி ஆசிரியர்களும், அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மிகுந்த தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கு முன்பும் தங்களுக்குப் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் குறைந்தது பற்றி எழுதினேன். வானிலைப் பகுதியில் 'இன்று மழை இல்லை' என்று போட்ட அன்று நான் நனைந்து வந்தது பற்றி எழுதினேன். எதையும் தாங்கள் வெளியிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நனைந்தது நான் ஒருவன்தான், துவட்டிக்கொண்டேன். ஆனால் இந்தக் கடிதம் அப்படிப்பட்டதல்ல. இதை நீங்கள் வெளியிடாவிட்டால் ஒன்றாம் தேதி என் மகளுக்கு வேலை இருக்காது.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'நர்ஸ் வேலை: படிப்புக்கும் உழைப்புக்கும் ஏற்ற சம்பளம்' என்று முழுப் பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். என் மகள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படமும் இருந்தது. நர்ஸ்களை நாங்கள் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் பாதகமில்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் பக்கத்தில் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் சிவப்பு எழுத்தில், அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் மாதம் வாங்கும் சம்பளம் என்று அவர் சொன்ன ஒரு தொகையைப் போட்டீர்களே, அங்கேதான் எங்கள் குடும்பம் கவிழ்ந்தது. அந்தத் தொகையை இங்கே திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. என் மகள் வாங்குவது அதில் பாதி. பிடித்தமெல்லாம் போனால் பாதிக்கும் கீழே. போன மாதம் ஒரு நோயாளி தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்டார், அதற்கும் இவள் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். கடித்தவர் நன்றாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தவர் எங்கள் வீட்டு ஓனர். கீழ் வீட்டில்தான் இருக்கிறார். சமையலறைக் கூரை ஒழுகுகிறது, ஒரு தடவை மேலே வந்து பாருங்கள் என்று ரெண்டு வருஷமாக நான் கெஞ்சியும், முழங்கால் வலி, மாடி ஏற முடியாது என்று சொல்லிவிட்டவர், அன்றைக்குத் தங்கள் இணைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு ரெண்டு ரெண்டு படியாக ஏறி வந்தார். எனக்கு ரொம்ப சந்தோஷம் சார், நம்ம வீட்டுப் பொண்ணு இவ்வளவு சம்பளம் வாங்குறது எனக்கே பெருமை சார் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் அசடு மாதிரி நன்றி சொன்னேன். அடுத்த வாக்கியத்தில் வாடகையை ஏற்றிவிட்டார். போகும்போது சமையலறைக் கூரையை அண்ணாந்து பார்த்து, ஆமா ஒழுகுதுதான் என்று சொல்லிவிட்டும் போனார்.

அவர் இறங்குவதற்குள் என் மனைவியின் அண்ணன் போன். இவருக்குக் கார் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை, பேங்கில் ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு நல்ல சம்பளக்காரர் கிடைக்காமல் அந்த ஆசை அப்படியே கிடந்தது. இப்போது கிடைத்துவிட்டதாம். மாப்பிள்ளை, இவ்வளவு நாளா எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். இல்லைங்க, அது பேப்பர்ல தப்பாப் போட்டிருக்காங்க என்றேன். ஆமாமா, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க என்று சிரித்தார். அதற்கப்புறம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து, லிஃப்ட் ரிப்பேருக்கு நன்கொடைப் பட்டியலில் எங்கள் வீட்டை முதல் வரிசையில் எழுதிவிட்டுப் போனார். நாங்கள் முதல் மாடி, லிஃப்டில் ஏறியதே இல்லை. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா தினம் சாயந்தரம் என் மகளிடம் பி.பி. பார்த்துக்கொள்ள வருவார், வரும்போது ரெண்டு வாழைப்பழமாவது கொண்டுவருவார். இப்போ அதுவும் நின்னுபோச்சு. இவ்வளவு சம்பளம் வாங்குறவளுக்கு ரெண்டு பழம் கொடுத்தா மரியாதையா இருக்குமான்னு அந்தம்மாவே கேக்குறாங்க. பி.பி. மட்டும் வழக்கம்போல பாத்துக்கிட்டுப் போறாங்க.

இதெல்லாம் வெளி ஆட்கள் சார், தட்டிவிட்டுப் போயிடலாம். வீட்டுக்குள்ள நடந்ததைக் கேளுங்க. என் மனைவிக்கு நான் சொல்றது எதுலயும் நம்பிக்கை கிடையாது, ஆனா அச்சுல வந்தது எதுவா இருந்தாலும் நம்புவா. உங்க பேப்பர்ல ஒரு தடவை வெந்தயம் தேய்ச்சா முடி வளரும்னு போட்டதுக்கு, என் வழுக்கையில ஒரு மாசம் தேய்ச்சுவிட்டா. அப்படிப்பட்டவ அந்தப் பெட்டியை ஞாயித்துக்கிழமை பூரா திரும்பத் திரும்பப் படிச்சா. திங்கக்கிழமை காலைல மக நைட் டியூட்டி முடிச்சு வந்து, வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டலை, பேப்பரை நீட்டி, மீதிப் பணம் எங்கடி போகுதுன்னு கேட்டுட்டா.

மக முதல்ல சிரிச்சா. அம்மா விளையாடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டா. அம்மா சிரிக்கலை. அப்புறம் என் பக்கம் திரும்பிப் பாத்தா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். அவ படிச்ச நாலு வருஷமும் கூடவே இருந்து பாத்தவன் நான்தானே. குளியலறைச் சுவத்துலயும் ஃபிரிட்ஜ் கதவுலயும் எலும்பு பேரும் மருந்து பேருமா எழுதி ஒட்டிவெச்சு, பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கிட்டே மனப்பாடம் பண்ணுவா. ஃபிரிட்ஜைத் திறந்தா தண்ணி எடுக்க வந்தவனுக்கும் ரெண்டு மருந்து தெரிஞ்சுபோகும், அப்படி ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு வாங்கின பேங்க் கடன் இன்னும் முடியலை. மேல் வீட்டுப் பையன் ஆறே மாசம் ஏதோ ஒரு கோர்ஸ் போயிட்டு, ஏசி ரூம்ல உக்காந்து, இவளை மாதிரி ரெண்டு மடங்கு வாங்குறான். அவன் வேலைல அதிகபட்ச அவசரம் என்னன்னு கேட்டேன், நெட் கட்டாகிடும் அங்கிள்னு சொன்னான். இவ்வளவும் தெரிஞ்ச நான் அன்னைக்கு என்ன பண்ணேன்னா, மக முகத்தைப் பாக்காம பேப்பரைப் பாத்தேன். சிவப்பு எழுத்துல போட்டிருந்தீங்களே சார். நான் என்ன பண்றது.

அவ ஒண்ணும் சண்டை போடலை. கையைக் கழுவினா, முழங்கை வரைக்கும் கழுவினா, அவ எப்பவும் அப்படித்தான். அப்புறம் நிதானமாச் சொன்னா. பஸ் நிறுத்தத்துக்கிட்ட இருக்கிற செல்போன் கடைல, வர்றவங்ககிட்டப் பொறுமையாப் பேசுற பொண்ணு வேணும்னு போர்டு வெச்சிருக்காங்களாம். இவ போய்ப் பேசிட்டாளாம். இப்போ வாங்குறதைவிட அங்கே சம்பளம் அதிகம், உக்கார நாற்காலி உண்டு, ராத்திரி டியூட்டி கிடையாது. அங்கே யாரும் சாக மாட்டாங்கப்பா, போன்தான் சாகும், அதுக்கும் வாரன்டி இருக்குன்னு சொன்னா. ராஜினாமா எழுதிவெச்சுட்டா, ஒண்ணாம் தேதி கொடுக்கப்போறா. சம்பளம் கம்மின்னா இத்தனை நாள் தாங்கிக்கிட்டேன், அதை வீட்லயே நம்ப மாட்டேங்குறீங்கன்னா அப்புறம் எதுக்குத் தாங்கணும்னு கேட்டுட்டுப் போய்ப் படுத்துட்டா. 

சரி, நேர்ல போய் உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து வீட்ல வெளிச்சம் போட்டுக் காட்டிடலாம்னு, மகளுக்குப் பகல் டியூட்டி வந்த அன்னைக்கு, அவகிட்டச் சொல்லாம, மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனேன். இதுதான் நான் பண்ண அடுத்த முட்டாள்தனம். கணக்குப் பிரிவு ஜன்னல்ல இருந்தவர், நீங்க எந்த நோயாளியோட ஆள்னு கேட்டார். நான் நர்ஸோட ஆள்னேன். சம்பளத்தைப் பத்திக் கேக்கணும்னா மேனேஜரைத்தான் பாக்கணும், அவர் மீட்டிங்ல இருக்கார், ஆண்கள் வார்டு வராந்தாவுல பெஞ்ச் இருக்கு, உக்காருங்கன்னுட்டார். அது என் மகளோட வார்டு. தூண் மறைவா ஒரு இடம் பாத்து உக்காந்தேன். வாழ்க்கையில முதல் தடவையா அவ வேலை பாக்குறதைப் பாத்தேன்.

அந்த நீளமான வார்டுக்கு ரெண்டே ரெண்டு நர்ஸ். ஒருத்தர் ஊசியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு எனக்கு வீட்டுக்குப் போகணும்னு அழுவுறார். என் மக அவருக்குத் திரும்பக் குத்தி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துக் கட்டில்ல வாந்தி. அதுக்குக் கிண்ணம் பிடிக்கிறா. பிடிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் சலைன் பாட்டில் தீரப்போறதைப் பாத்து, மாத்தணும்னு இன்னொரு பொண்ணுக்குக் கண்ணால காட்டுறா. ஒரு பெரியவர் சாப்பிட மாட்டேன்னு வாயை இறுக்கி மூடிக்கிறார். நீங்க சாப்பிடலைன்னா என்னைத்தான் திட்டுவாங்க தாத்தான்னு இவ சொன்னதும் அவர், யாரு திட்டுறதுன்னு கோபமாக் கேட்டுக்கிட்டே வாயைத் திறந்துட்டார். இதுக்கு நடுவுல ஒரு நோயாளியோட மச்சான், இந்த ஃபேன் ஏன் மெதுவாச் சுத்துது, சிஸ்டருங்க எதுக்குத்தான் இருக்கீங்கன்னு விடாம கத்துறார். நானே எழுந்துபோய் நாலு வார்த்தை கேக்கலாம்னு பாத்தேன், மறைஞ்சு உக்காந்திருக்கிறது ஞாபகம் வந்து அடக்கிக்கிட்டேன்.

அப்போ மூலைக் கட்டில்காரருக்கு மூச்சு மாறுச்சு போல. பக்கத்துல இருந்த அவரோட சொந்தக்காரங்க யாருக்கும் தெரியலை, ஏதோ பஸ் டிக்கெட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. எனக்கும் தெரியலை. இவ வார்டோட இந்தக் கோடியில இருந்து ஓடினா. திரையை இழுத்து மூடினாங்க. டாக்டர் வந்தார், ஏதோ வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான் ஸ்டோர்ல வேலை பாத்தவன் சார். அங்கே ஒரு போல்ட்டு எண்ணிக்கை தப்பிடுச்சுன்னா திரும்ப எண்ணுவோம். இங்கே திரும்ப எண்ணுறதுக்கு வழி கிடையாதுன்னு அன்னைக்குத்தான் மண்டையில ஏறிச்சு.  அரை மணி நேரமோ என்னவோ, திரை விலகிச்சு. அந்த ஆள் பிழைச்சுட்டார். என் மக வெளியே வந்து கையைக் கழுவினா, முழங்கை வரைக்கும். நேரா அந்த ஃபேன் மச்சான்கிட்டப் போய், எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கேன் சார், வந்துடுவார்னு சொன்னா. காலைல அவளுக்கு வந்த டீ மேஜை மேல ஆடை கட்டிக் கிடந்துது.

அப்புறம் மேனேஜர் கூப்பிட்டார். உங்க பேப்பர்ல வந்த படத்துல இருக்கிற மாதிரியே சிரிக்கிறார். ஐயா, பேப்பர்ல ஒரு தொகை சொல்லியிருந்தீங்க, என் மகளுக்கு அதுல பாதிதான் வருதுன்னு பணிவாக் கேட்டேன். அவர் கோபப்படலை. உக்கார வெச்சு விளக்கமாச் சொன்னார். அந்தத் தொகையில கைக்கு வர்ற சம்பளம் ஒரு பகுதிதானாம். யூனிஃபார்ம், கேன்டீன் சலுகை, இங்கே கிடைக்கிற அனுபவம், சமுதாயத்துல கிடைக்கிற மரியாதை, இதெல்லாம் மீதியாம். அதோட ஒரு உயிரைக் காப்பாத்தும்போது வர்ற மன நிறைவு இருக்கே, அதுக்கு விலை போட முடியுமான்னு கேட்டார். முடியாதுதாங்க, ஆனா நீங்க போட்டுட்டீங்களேன்னேன். அந்த மன நிறைவை மட்டும் தனியாக் கழிச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலாப் பணமாக் கொடுக்க ஏதாவது வழி இருக்கா, பேங்க்ல மன நிறைவா வாங்கிக்க மாட்டேங்குறாங்கன்னும் கேட்டேன். அவருக்கு வேற மீட்டிங் வந்துடுச்சு.

வெளியே வந்தா கதவுக்கிட்ட என் மக, கையில ஏதோ ரிப்போர்ட்டோட நிக்கிறா. நான் எந்த ரூம்ல இருந்து வர்றேன்னு பாத்தா. என்னைப் பாத்தா.

"என்னப்பா, விசாரிச்சாச்சா?"

அவ்வளவுதான் கேட்டா. குரலை உயர்த்தலை. பதிலுக்கு நிக்கவும் இல்லை, வார்டுல யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டா. அந்த நிமிஷம் எனக்கு எங்கேயாவது ஓடிடலாம் போல இருந்துது சார். பெத்த பொண்ணைத் திருட்டுக் கேஸ் மாதிரி ஆபீஸ்ல போய் விசாரிச்சுட்டு வந்த அப்பன் ஆயிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மூலைக் கட்டிலைப் பத்திச் சொன்னப்போ அவ அழுதுட்டா. ஆனா சம்பள விஷயத்துல, நீங்க சொல்றீங்க சரி, பேப்பர்ல வரட்டும்னுட்டா. மகளும் அதையேதான் சொல்றா. நான் சொன்னா நம்பலை, பேப்பர் சொன்னாத்தான் நம்புவீங்கன்னா, பேப்பரையே சொல்ல வெச்சுக்குங்கன்றா. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அவ அந்த வேலையில இருக்கணும்னு எனக்கு ஆசை, அதை மறைக்கலை. பெஞ்ச்ல உக்காந்து பாத்துட்டேனே. ஆனா எந்த வாயை வெச்சுக்கிட்டு அங்கேயே இரும்மான்னு சொல்றது? நாளைக்கே செல்போன் கடையில போய் நின்னாலும் பொண்ணு நிம்மதியாத் தூங்குவா. மூலைக் கட்டில்காரர்தான் ஆள் தேடணும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கீழ்க்கண்ட மறுப்பை உடனே வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்: 'சென்ற ஞாயிறு இணைப்பில் குறிப்பிட்ட தொகை, நர்ஸ்களுக்குக் கிடைக்கும் சம்பளம் அல்ல. அது சம்பளமும் மரியாதையும் சேர்ந்த தொகை. மரியாதை இன்னும் வழங்கப்படவில்லை.' பெட்டிக்குள் போட்ட தப்புக்குப் பெட்டிக்குள்ளேயே மறுப்பு வர வேண்டும். சிவப்பு எழுத்து அவசியம். கடைசிப் பக்கத்தில் காணாமல் போன நாய்க்குட்டி விளம்பரத்துக்குக் கீழே போட்டால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். முடிந்தால் தங்கள் நிருபர், அடுத்த முறை சம்பளத்தைப் பற்றி எழுதும்போது, கொடுப்பவரைக் கேட்டது போதும், வாங்குபவரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

தங்கள் பேனாவில் மை வற்றாமல் இருக்கட்டும். தங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து, படித்த படிப்புக்கு ஏற்ற சம்பளம் கையில் எண்ணி வாங்கட்டும். தங்கள் வீட்டில் யாருக்கும் உடம்பு முடியாமல் போகவே கூடாது. ஒருவேளை போனால், என் மகள் டியூட்டியில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போகட்டும்.

இப்படிக்கு,
பெட்டிக்குள் இருந்த தொகையை இதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு நர்ஸின் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். மறுப்பு வேண்டவே வேண்டாம். உறையை ஒட்டிட்டேன், அதைப் பிரிச்சுத்தான் இதை எழுதுறேன். இன்னைக்கு மருத்துவமனை முதலாளியம்மா வந்திருந்தாங்களாம். உங்க கட்டுரையை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில மாட்டச் சொல்லியிருக்காங்க, அதை மாட்டுறதைப் பாக்க வந்திருக்காங்க. மேனேஜர் பக்கத்துலயே நின்னிருக்கார். என் மக மத்த நர்ஸ்களையெல்லாம் கூட்டிக்கிட்டு நேரா அங்கே போயிருக்கா. சண்டை போடறதுக்கு இல்லை சார், நன்றி சொல்றதுக்கு. "எங்களுக்கு இவ்வளவு சம்பளம் தர்றீங்கன்னு பேப்பர்ல பாத்தோம்மா, ரொம்ப நன்றி. இன்னும் கைக்கு வரலை. எந்த மாசத்துலேர்ந்து வரும்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்"னு சொல்லியிருக்கா. முதலாளியம்மா மேனேஜரைப் பாத்திருக்காங்க. அவருக்குப் பின்னால சுவத்துல அவர் படமே கையைக் கட்டிக்கிட்டுச் சிரிச்சிருக்கு. இந்த மாசத்துலேர்ந்துதான்மான்னு சொல்லிட்டாராம். எழுத்துலயும் கொடுத்துட்டாங்க. இப்போ நீங்க மறுப்புப் போட்டா அவர் தப்பிச்சுடுவார். வாடகையைப் பத்தி இனிமே நான் ஓனர்கிட்ட வாதாட முடியாது, அது போகட்டும். மக ராஜினாமாவைக் கிழிக்கலை, கைப்பையிலயே மடிச்சு வெச்சிருக்கா, பணம் வரட்டும்ன்றா. அப்போ நியாயமான சம்பளம் கிடைச்சிடுச்சுன்னு சொல்லலாமாம்மான்னு ஆசையாக் கேட்டேன். "இல்லப்பா, அவர் சொன்ன பொய் அளவுக்குத்தான் வந்திருக்கோம். நியாயம் இன்னும் மேல இருக்கு"ன்னா. அதனால ஆசிரியர் அவர்களே, தயவுசெய்து அதே நிருபரை அதே மேனேஜர்கிட்ட இன்னொரு பேட்டிக்கு அனுப்புங்க. இந்தத் தடவை அவரைக் கொஞ்சம் தாராளமாப் பேச விடுங்க.